கன்னியா வெந்நீர்க் கிணறுகள்

இலங்கையின் கிழக்கே, திருகோணமலை நகரிலிருந்து அனுராதபுரம் செல்லும் சாலையை ஒட்டிச் சுமார் 8 கி.மீ. தொலைவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள். திருகோணமலைத் தமிழர் இறந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியையும் ஆடி அமாவாசைத் தர்ப்பணமும் செய்துவரும் தீர்த்தம் இது. இன்று சுற்றுலாத் தலமாகவும் இருக்கிறது.

விருதுநகர், சிவகாசிப் பக்கத்துக் கிணறுகளைப் போல எட்டிப் பார்த்தால் தலைசுற்றும் ஆழம் இவற்றுக்குக் கிடையாது. சில அடி ஆழமே உள்ள சதுரக் கட்டுகள், அடித்தரை தெரியும். உள்ளே இறங்காமல் வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம். அடுத்தடுத்து இருந்தாலும் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் இதமாக இருக்கும் நீர், இன்னொன்றில் முதல் வாளிக்கே சுள்ளென்று இருக்கும். குளிக்க வந்தவர்கள் ஏழு கிணற்று நீரையும் ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டுதான் திரும்புவார்கள்.

இந்தச் சூட்டுக்கு எரிமலை காரணமல்ல; இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. அம்பாந்தோட்டையின் மகாபெலஸ்ஸ, அம்பாறையின் மகா ஓயா எனத் தெற்கிலிருந்து வடகிழக்காக நீளும் வெந்நீரூற்று வரிசையில் கன்னியாவும் ஒன்று.

தலபுராணம் இராவணனைச் சுற்றியது. தாய் வழிபடுவதற்காகத் தென்கயிலையாகிய கோணேசுவரத்தைப் பெயர்க்க முயன்றபோது தாய் இறந்த செய்தி அவனுக்கு வருகிறது. அந்தணர் வடிவில் வந்த திருமால், கன்னியாவில் கடன் கழித்தால் தாய் நற்கதி அடைவாள் என்கிறார். அவர் தண்டு ஊன்றிய ஏழு இடங்களில் நீர் பொங்கியது என்பது ஒரு வழக்கு. இராவணன் வாளால் குத்தினான் என்பது இன்னொன்று. இறந்தோருக்குக் கடன் கழிக்க யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை எப்படியோ, திருகோணமலையாருக்குக் கன்னியா அப்படி. மகன் தாய்க்குச் செய்த கடன்தான் இந்தத் தலத்தின் முதல் கதை. அதை விட்டுவிட்டுக் கன்னியாவைச் சொன்னால் வெறும் வெந்நீர்தான் மிஞ்சும்.

2009இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் பயணிகள் பெருகினர். தொல்லியல் திணைக்களம் 2011இல் இடத்தைத் தன் பொறுப்பில் எடுத்து, இங்குள்ளவை அனுராதபுரக் காலப் பௌத்த எச்சங்கள் என்று பலகை நட்டது. பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து 2019 சூலையில் தமிழர்கள் போராடினர். அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

ஒரு தலத்தின் கதையை யார் சொல்வது என்னும்போது நியூசிலாந்தின் ரொட்டோருவா வட்டாரம் நினைவுக்கு வரவேண்டும். அங்கே வெந்நீரில் சமைத்தும் குளித்தும் வாழ்ந்த மாவோரி மக்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டினார்கள். 1886 சூன் 10 அன்று தரவேரா எரிமலை வெடித்து அவர்களுடைய ஊர்களையும் உலகப்புகழ் பெற்ற வண்ணப் படிக்கட்டுப் பாறைகளையும் புதைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் வகரேவரேவாவில் குடியேறி அங்கும் வழிகாட்டலைத் தொடர்ந்தனர். சோபியா இனெராங்கி என்ற பெண் அவ்வழிகாட்டிகளில் பெயர்பெற்றவர். அவ்வூரில் இன்றும் பயணிகளை அழைத்துச் செல்பவர்கள் அந்த வழியில் வந்தவர்களே. நிலத்தின் கதையை அங்கே குடியிருப்பவர்கள் சொல்கிறார்கள்.

கன்னியாவுக்கும் அந்த உரிமை வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்களுக்கும் இராமேசுவரம் போகிறவர்களுக்கும் இந்தக் கடனின் அருமையை விளக்கத் தேவையில்லை. கோணேசுவரம் செல்லும் தமிழ்நாட்டு அன்பர்கள் கன்னியாவுக்கும் செல்லுங்கள்; தலத்தின் கதையை அங்கே கடன் கழிக்க வரும் உள்ளூர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.