பரிசலின் தோல்

திருச்சிராப்பள்ளியையும் ஸ்ரீரங்கத்தையும் பற்றி எழுதுகிற சரித்திரக்காரர்களுக்குப் பாலங்கள் மேல் ஒரு தனிப் பிரியம். காவிரிக்கு 1849-ல் பாலம் வந்தது. அதற்குப் பதிலாக 1976-ல் புதுப் பாலம் வந்தது. கொள்ளிடத்தில் 1928-ல் போட்ட இரும்புப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண் சாய்ந்து விழுந்தது. எல்லாவற்றுக்கும் வருஷம் இருக்கிறது. பாலம் வருமுன் ஜனங்கள் அக்கரை போனது எப்படி என்று கேட்டால் மட்டும் "ஓடத்தில்" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அரங்கத்துக்குப் பக்கத்தில்தான் காவிரியைக் கடந்து தென்கரை சேர்கிறார்கள். அங்கேயும் துறையில் அதிக நேரம் நாம் நிற்பதில்லை.

நான் சற்று நிற்க விரும்புகிறேன். அதுவும் பரிசல் பக்கத்தில்.

மூங்கிலைப் பிளந்து பெரிய கூடையாகப் பின்னி, வெளிப்புறம் மாட்டுத்தோலைப் போர்த்தித் தைத்தால் அதுதான் பழைய பரிசல். அணியமும் இல்லை, அமரமும் இல்லை. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் இதைப் பார்த்து வியந்து எழுதினார்: பதினைந்து இருபது பேரைத் தாங்குமாம், ஆனால் நேராகப் போகத் தெரியாமல் சுற்றிக்கொண்டே போகுமாம்! பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, 1803-ல் மராட்டியர் மேல் படையெடுத்தபோது இந்தக் கூடைப் படகுகளை நம்பித்தான் ஆறுகளைக் கடந்தார். சென்னை மாகாண மீன்வளத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1933-ல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

மூங்கில் எங்கும் கிடைக்கும், பின்னுவதும் அரிதல்ல. பரிசலின் உயிர் தோலில் இருந்தது. தோலுக்குச் சத்துருக்கள் இருவர்: ஈரமும் வெயிலும். ஈரத்தோடு கிடந்தால் அழுகிப் போகும். நடுவெயிலில் கிடந்தால் முறுகி வெடித்துவிடும். தையலில் சிக்கிய மணல் நூலை அறுக்கும். ஆகவே, வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றி, சேறும் மணலும் போகக் கழுவி, கவிழ்த்து வைத்து, நிழற்காற்றில் உலர்த்த வேண்டும். உலர்ந்த பிறகு எண்ணெயோ கொழுப்போ தடவி வார் பிடிக்க வேண்டும். ஒரு நாள் சோம்பினால் மறுநாள் நடு ஆற்றில் தெரியும். ஆற்றைக் கடப்பது கால் நாழிகை வேலை; அதற்குத் தயாராக இருப்பது நாள் முழுவதும் செய்கிற வேலை.

இந்தத் தோல் எங்கிருந்து வந்தது? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தமிழ்நாட்டுக்கு நெடுநாள் பழக்கம். திருச்சியில் செம்பட்டுப் பக்கம் அந்தத் தொழில் நடந்திருக்கிறது. செத்த மாட்டை இழுத்துப் போய் உரித்து, நாற்றத்தில் நின்று பதனிட்டுக் கொடுத்தவர்களை ஊர் தீண்டாமல் வெளியே நிறுத்தியது. பரிசலில் ஏறியவர் எத்தனை ஆசாரக்காரரானாலும் சரி, அவருக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்தது அந்தத் தோல் ஒன்றுதான். ஆற்றின் மேல் தீட்டு இல்லை. கரை ஏறியதும் தீட்டு வந்துவிடும்! தோலைத் தைத்த கைகளுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட, மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல்தான் வந்தது.

பிறகு பரிசலின் போர்வையே மாறிவிட்டது. ஒகேனக்கல்லில் இன்று ஓடும் பரிசல்களுக்குப் பிளாஸ்டிக் தாளும் தாரும். காவிரியில் வலை வீசுகிறவர்களிடம் கண்ணாடி இழைப் பரிசலும் இருக்கிறது. உல்லாசப் படகுகளின் மெத்தைக்கு வினைல் வந்துவிட்டது. நாம் அதையும் ரெக்சின் என்றே அழைக்கிறோம். 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற ரசாயன நிபுணர் விறைத்த பொருளொன்றை இளக்கி மென்மையாக்கியதில் பிறந்த வஸ்து அது.

மாடு போனாலும் சத்துருக்கள் போகவில்லை. வினைலை வெயிலில் விட்டால் இளக்கம் போய் விறைத்து வெடிக்கிறது. மெத்தையின் பஞ்சில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கிறது. பெட்ரோலும் வெளுப்புக் காரமும் அதற்கு விஷம். மென்மையான சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, பிறகு நல்ல தண்ணீர், பிறகு காற்று, மேலே ஒரு மூடுதுணி. பழைய பரிசல்காரனுக்கு இதில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

கிரேக்க நாட்டு ஹெரடோட்டஸ் ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். ஆர்மீனியாவிலிருந்து வட்டமான தோல் படகுகளில் சரக்கேற்றிப் பாபிலோனுக்கு வரும் வியாபாரிகள், நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப முடியாது என்று, படகின் சட்டத்தை அங்கேயே விற்றுவிடுவார்களாம். தோலை மட்டும் கழுதை மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். எது விலை பெற்றது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் சரித்திரத்தில் சட்டங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். தோலைத்தான் துறையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.