வெற்று நாற்காலிகளின் வரலாறு

பல்கலைக்கழக வரலாறுகள் பேரறிஞர்களையும் மாணவர் எழுச்சிகளையும் பற்றியே பேசுகின்றன. கூட்ட அறிக்கைகளை யாரும் புரட்டுவதில்லை. ஆனால் யார் கற்பிப்பது, எதைக் கற்பிப்பது, யாரை அனுமதிப்பது என்பனவெல்லாம் அந்தக் கூட்டங்களிலேயே தீர்மானமாகின்றன. ஒஸ்லோவிலும் பிற நோர்வீஜிய நகரங்களிலும் விரிவுரையாளர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கும் எம்மவர், தத்தம் பல்கலைக்கழகச் சபைகளுக்குப் போட்டியிட முன்வர வேண்டும் என்பது என் வாதம். அதற்கு இரு பல்கலைக்கழகங்களின் கதை போதும்.

ஒஸ்லோ பல்கலைக்கழகம் 1811இல் நிறுவப்பட்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1941 செப்டம்பரில், அதன் றெக்டர் டிட்ரிக் ஆருப் செய்ப் அகற்றப்பட்டுக் கைதானார். ஆசிரியர் சபைகளின் அதிகாரம் பறிக்கப்பட்டது. நாஜிச் சார்பாளரான அடொல்ஃப் ஹூல் றெக்டராக்கப்பட்டார். 1943 இலையுதிர்காலத்தில் மாணவர் அனுமதி விதிகளை ஆட்சி தன் விருப்பப்படி மாற்ற முனைந்தபோது ஆசிரியர்கள் கூட்டாக எதிர்த்தனர். கைதுகள் தொடர்ந்தன. நவம்பர் 30ஆம் திகதி பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1000க்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டனர்; 600க்கும் மேற்பட்டோர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டனர். சபைகள் கலைக்கப்பட்ட பின்னரும், சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் அந்த ஆசிரியர்களிடம் எஞ்சியிருந்தது.

இன்று இந்த உரிமையை எவரும் துப்பாக்கி கொண்டு பறிக்க வேண்டியதில்லை, சட்டத்திருத்தம் போதும். 11 பேர் கொண்ட ஆட்சிச் சபையில் நால்வர் வெளியார். 2016இல் நாடாளுமன்றம் நியமன றெக்டரையே பொது விதியாக்கி, தெரிவு செய்யப்படும் றெக்டரை விதிவிலக்காக்கியது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் விதிவிலக்கையே பற்றிக்கொண்டது. 2017இலும் 2021இலும் றெக்டர் வாக்களிப்பின் மூலமே தெரிவானார். ஆனால் வேட்பாளர் இல்லாத தேர்தலை எவ்வளவு காலம் தேர்தல் என்று அழைக்கலாம்?

இனி யாழ்ப்பாணம். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக, க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டம் மூதவையில் பீடங்களின் ஆசிரியர் பிரதிநிதிகளுக்கு இடம் கொடுத்தது. ஆனால் பேரவையில், ஆணைக்குழு நியமிக்கும் வெளியாரின் எண்ணிக்கை உள்ளிருப்போரைவிட ஒன்று கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டது. துணைவேந்தரை நியமிப்பவரோ ஜனாதிபதி. கொழும்பின் கை இப்படியென்றால், ஊரில் ஆயுதம் தரித்தோரின் கை வேறு. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை வளாகத்துக்குள் இறங்கிய பின், பல்கலைக்கழகத்தை மீளத் திறக்க உழைத்த ஆசிரியர்களில் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம ஒருவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பிலும் முன்னின்றார். 1989 செப்டம்பர் 21ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வமைப்பினர் பின்னர் வளாகத்தில் வெளிப்படையாக இயங்க முடியவில்லை. அந்த நாற்காலி வெறுமையானதற்குக் காரணம் அச்சம்.

எமது நாற்காலி இங்கு வெறுமையாக இருப்பதற்கு என்ன காரணம்? நண்பர்கள் சொல்வதை அறிவேன். கூட்டங்கள் ஆய்வு நேரத்தைத் தின்னும், சபையில் இருந்ததற்காக எவரும் பேராசிரியராவதில்லை, ஒப்பந்தக் காலம் முடியப்போகிறது, மொழி தடுமாறும். இவை பொய்யல்ல. ஆகவே சபை வேலையைக் கற்பித்தலைப் போல வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று கேட்பதும் எமது பணியே. அதைக் கேட்பதற்கும் சபைக்குள் ஒருவர் வேண்டும்!

சொல்லப்படாத இன்னொரு காரணமும் உண்டு. "கமிட்டி" என்றாலே எமக்குக் கோவில் நிர்வாகமும் சங்கப் பிளவும் நினைவுக்கு வருகின்றன. அல்லது, மேலிடத்து முடிவுக்குக் கைதூக்கும் கூட்டம். இந்த அவநம்பிக்கையை எம் அனுபவம் தந்தது. ஆனால் மாற்றுக் கருத்தை அறிக்கையில் பதியச் சொல்லிவிட்டு, மறுநாள் அச்சமின்றி வேலைக்குப் போகலாம் என்பதும் ஓர் அனுபவம். எம்மிற் பலருக்கு அது ஊரில் கிடைக்கவில்லை. இங்கு கிடைக்கிறது, நாம் எடுப்பதில்லை.

பெரிய பதவியில் தொடங்க வேண்டியதில்லை. துறைச் சபையில் ஓர் இடம், பாடத்திட்டக் குழுவில் ஓர் இடம், ஒரு தவணை. ஜனநாயகம் பற்றி இருபது பக்கம் எழுதக்கூடிய எம்மவர், ஒரு வேட்புமனுவில் கையொப்பமிடத் தயங்குவது ஏன் என்பதையும் இப்பக்கங்களில் விவாதிப்போம்.