காத்தி போய்க் கிலோ வந்த கதை



முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கடையில் மீன் கிலோ 9 வெள்ளி. பக்கத்துக் கடையில் அதே மீன் காத்தி 6 வெள்ளி. எது மலிவு? அவசரப்பட்டு ஆறு வெள்ளி என்று சொல்லிடாதீங்க. ஒரு காத்தி 604.8 கிராம்தான். முதல் கடையில் அதே எடை மீனுக்கு ஏறக்குறைய 5 வெள்ளி 44 காசுதான் ஆகும். அளவு தெரியாதவர் கையில் இருக்கும் காசு அவருக்கே தெரியாமல் போய்விடும். அளவைகளின் வரலாற்றை நாம் படிக்க வேண்டிய காரணம் இதுதான்.

மலாயாவின் சந்தைகளில் தாஹில், காத்தி, பிக்குல் என்ற அளவுகள் வழங்கின. 16 தாஹில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். பிரிட்டிஷார் அடி, அங்குலம், ராத்தல், கேலன் ஆகியவற்றைக் கொண்டு வந்தார்கள். ஆனால் பழையதை ஒழிக்கவில்லை. தங்கள் அளவோடு சேர்த்துக் கட்டினார்கள். 3 காத்தி 4 ராத்தலுக்குச் சமம் என்றும், ஒரு கந்தாங் ஒரு கேலனுக்குச் சமம் என்றும் ஆனது. ஈயத்தின் விலை பிக்குல் கணக்கில் சொல்லப்பட்டது. ரப்பரின் விலை ராத்தல் கணக்கில். பால்மரம் வெட்டிய நம் முன்னோரின் கூலி அந்த ராத்தல் விலையை ஒட்டி ஏறி இறங்கிய காலமும் உண்டு. தராசைப் படிக்கத் தெரியாத தொழிலாளி தன் கூலியை எப்படிச் சரிபார்ப்பார்? யோசிச்சுப் பாருங்க.

பிரிட்டனே 1965இல் மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. வணிக நாடுகள் ஒவ்வொன்றாக மாறும்போது நாம் மட்டும் பின்தங்க முடியாது. மலேசியா 1972இல் எடை, அளவுச் சட்டத்தை இயற்றியது. சிங்கப்பூரும் 1970களின் தொடக்கத்தில் இதற்கென ஒரு வாரியம் அமைத்தது.

அப்படியானால் அங்குலம் ஏன் இன்னும் போகவில்லை? சட்டம் தராசை மாற்றியது. ஏற்கெனவே செய்து பழகிய பொருளின் அளவை ஒரே நாளில் மாற்ற முடியவில்லை. தச்சர் வாங்கும் பிளைவுட் பலகை இன்றும் நாலுக்கு எட்டு அடிதான். 1959 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர். ஆகவே நாலடி என்பது 1219.2 மில்லிமீட்டர். 1200 மில்லிமீட்டர் இடம் விட்டுவிட்டு நாலடிப் பலகையை வாங்கினால், அது உள்ளே போகாது! தொலைக்காட்சித் திரை, கார் டயர், வீட்டின் சதுர அடி எல்லாம் இதே கதைதான்.

நம் நகைக்கடைச் சொல்லான 'பவுன்' கூட ஒரு பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் எச்சம். அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம், இன்று அதை 8 கிராம் என்று முழுமையாக்கிச் சொல்கிறோம்.

மாணவர்களே, தேர்வில் "பழைய அளவைகள் மறைந்தன" என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. காரணம், ஆண்டு, விளைவு மூன்றையும் எழுதுங்கள். எது மாறியது, எது நிலைத்தது என்று பிரித்துக் காட்டுங்கள். ஆசிரியர்களே, வீட்டுப் பெரியவர்களிடமும் தச்சர்களிடமும் அளவுச் சொற்களைக் கேட்டுப் பட்டியலிட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லும் யார் இங்கே வணிகம் செய்தார்கள், யார் ஆண்டார்கள் என்பதைச் சொல்லிவிடும்.