அம்பைத் தள்ளியது எது?

எறிந்த கல் கையை விட்டுப் பிரிந்த பின்னரும் எதனால் ஓடுகிறது? இக்கேள்வியின் வரலாற்றைப் பாடப்புத்தகங்கள் கலிலியோவிலிருந்து தொடங்குகின்றன. நமது மீலாத் மேடைகளிலோ வேறொரு கூற்று அடிக்கடி ஒலிக்கிறது: நியூற்றனின் விதிகளை முஸ்லிம்கள் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து விட்டார்களாம், மேற்குலகு திருடிக் கொண்டதாம். கரகோஷமும் கிடைக்கிறது. விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற வகையில் இவ்விரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை.

தள்ளுவதற்கு ஒன்று இல்லாமல் எதுவும் நகராது என்றார் அரிஸ்டோட்டில் (கி.மு. 384-322). அப்படியாயின் வில்லை விட்ட அம்பைத் தள்ளுவது யார்? சூழவுள்ள காற்று என்பது அவரது பதில். சிரிக்கத் தோன்றும். ஆனால், மாடு நின்றால் வண்டிலும் நிற்கிறது. அன்றாட அனுபவம் அவர் பக்கமே இருக்கிறது. விதிகளை மனனம் செய்து ஒப்புவிக்கும் மாணவர்களிற் பலர் உள்ளூர அரிஸ்டோட்டிலின் சீடர்களாகவே இருப்பதை நான் ஒவ்வொரு வருடமும் காண்கிறேன்.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ் - அரபு நூல்களில் இவர் யஹ்யா அந்நஹ்வி - காற்றுக்குத் தள்ளும் வல்லமை உண்டென்றால் கல்லின் பின்னால் காற்றை அடித்தே அதை ஓட்டிவிடலாமே என்று மடக்கினார். எறிபவன் கல்லுக்குள் ஒரு விசையைப் பதிக்கிறான், அது தானாகவே தேய்ந்து தீர்கிறது என்பது அவர் கருத்து.

இப்னு சீனா (980-1037) இங்குதான் வருகிறார். வைத்தியராகவே அவரை அறிந்தவர்கள் 'கிதாபுஷ் ஷிஃபா'வின் பௌதிகப் பகுதியைக் கண்டால் வியப்படைவர். பொருளுக்குள் பதியும் அந்த நாட்டத்தை அவர் 'மைல்' என்றார். (தூரத்தை அளக்கும் மைல் அல்ல, சாய்வு என்ற பொருளுடைய அரபுச் சொல்.) அது தானாகத் தேயாது, தடை இருந்தால் மட்டுமே தேயும் என்பது அவர் செய்த திருத்தம். அவ்வாறாயின் வெற்றிடத்தில் எறிந்த கல் ஒருபோதும் நிற்கக்கூடாதே! ஆம், நிற்காது என்றே அவரும் எழுதினார். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, ஆகவே வெற்றிடம் என்ற ஒன்று இல்லை என்பது. வாசல் வரை வந்து திரும்பிவிட்டார்.

ஸ்பெயினில் இப்னு பாஜா, ஊடகத்தின் தடை இயக்கத்தைத் தாமதப்படுத்துமே தவிர இயக்கத்துக்கு அவசியமானதன்று என்றார். இப்னு ருஷ்த் அதை மறுப்பதற்காகத் தமது உரையில் எடுத்தெழுதினார். அவ்வுரை லத்தீனுக்குப் போனது. மறுப்புரையே கருத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது! பைசாவில் இளம் கலிலியோ எழுதியவற்றில் இதையொத்த சிந்தனை தென்படுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு பக்தாதின் அபுல் பரகாத். யூதராகப் பிறந்து முதுமையில் இஸ்லாத்தைத் தழுவிய வைத்தியர். விழும் பொருள் ஏன் வேகம் கூடிக்கொண்டே போகிறது? பாரம், விழும் ஒவ்வொரு கணத்திலும் புதிதாக மைலைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது என்றார் அவர். மாறாத விசை மாறாத வேகத்தையே தரும் என்பது அரிஸ்டோட்டில் மரபு. மாறாத விசை ஆர்முடுகலைத் தரும் என்பதற்கான வித்து இங்கே கிடக்கிறது.

எனினும் இவர்களில் எவரும் அளந்து பார்க்கவில்லை. கலிலியோ சாய்பலகையின் தவாளிப்பில் வெண்கலக் குண்டை உருட்டி, வடிந்த நீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமெனக் கண்டு 1638 இல் வெளியிட்டார். 1687 இல் நியூற்றனின் நூல் வந்தது. மைல் என்பது பொருளை ஓடவைக்கும் உட்காரணம். நியூற்றனிடமோ சீரான ஓட்டத்துக்குக் காரணமே தேவையில்லை, மாற்றத்துக்கே தேவை. ஆதலால் மைலை முதலாம் விதி என்பது இருவருக்கும் செய்யும் அநீதி.

அபுல் பரகாதின் 'கிதாபுல் முஃதபர்' 1938-39 இல் ஹைதராபாத்தில் மூன்று பாகங்களாக அச்சேறியது. அரபறிந்த நமது மௌலவிமார் எவரேனும் அதன் வீழ்ச்சி பற்றிய பக்கங்களைத் தமிழில் தந்தால், சாய்பலகைப் பரிசோதனைக்கு முந்திய பாடமாக அதை வகுப்பில் வாசிக்கக் கொடுப்பேன்.