சும்மா கிடக்கும் பணத்துக்கு வட்டி யாருக்கு?

பங்கை விற்ற பணம் அடுத்த பங்கை வாங்கும்வரை தரகரின் கணக்கில் தங்கியிருக்கிறது. அந்நாட்களுக்கு வட்டி உண்டா? உண்டெனில் அது யாரைச் சேரும்? இஃது இக்காலத்துக் கேள்வி எனப் பலரும் எண்ணுவர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றை நோக்கின் இது பழைய கேள்வியே என்பது புலனாகும்.

மலாயாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் இதற்கு முன்னரே விடை கண்டிருந்தனர். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இருந்த அவர்தம் கிட்டங்கிகளில் ஒரு கடையில் மிஞ்சிய பணம் பெட்டியில் உறங்குவதில்லை. தேவையுள்ள மற்றொரு கடைக்குச் செல்லும். கேட்டபோது திருப்பவேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி. இரண்டு மூன்று மாதம் விட்டுவைத்த பணத்துக்குத் தவணை வட்டி. இரங்கோன் நகரில் நகரத்தார் மாதந்தோறும் தம் கோயிலில் கூடி நடப்பு வட்டியின் வீதத்தை முடிவு செய்தனர். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவினர் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளனர். வீதம் பலரறியச் சொல்லப்பட்டமையால் ஒருவரை ஒருவர் ஏய்க்க இடம் குறைந்தது.

அதே காலத்தில் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரின் நிலை யாது? 1930இல் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. அதிலும் மளிகைக்கடைக் கடன் போக, கள்ளுக்கடை கொண்டது போக, எஞ்சியது முந்தானை முடிச்சில் கிடந்தது; அல்லது நகையாயிற்று. அந்நகை அடகுக்குப் போயின் வட்டி கொடுத்தவரும் தொழிலாளரே. அஞ்சலகச் சேமிப்பு வங்கி இருந்தது உண்மை. எழுத்தறியாதார்க்கு அதன் வாயில் தொலைவிலேயே இருந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். அரசாங்கம் படையைக் கொண்டு அதனை அடக்கியது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். சேமிப்புக்கு முதற் பகை எதுவென்று அத்தொழிலாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. தொழிலாளர் சம்பளத்தில் நூற்றுக்கு 5, முதலாளி தரும் 5 எனப் பணம் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டுக்கு நூற்றுக்கு 2.5 இலாப ஈவு கிடைத்தது. வீதம் சிறிது, எனினும் கேளாமலேயே தொழிலாளர் பெயரில் வரவு வைக்கப்பட்டது. சட்டம் செய்த நன்மை அதுவே. 1983இல் அவ்வீதம் 8.5ஆக உயர்ந்தது.

வட்டிக்கணக்கு நகரத்தாரின் இரத்தத்தில் ஊறியது என்பாருளர். அப்பேச்சு நமக்கு உடன்பாடன்று. அவர்தம் சிறுவர் இளமையிலேயே கடைகளில் அமர்ந்து கணக்குப் பழகினர். தோட்டத்துச் சிறுவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பிறப்பன்று, பயிற்சியே வேற்றுமைக்குக் காரணம்.

இன்று நம்மவர் பங்குச் சந்தையில் இறங்குகின்றனர். மலேசியாவின் 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைகள் சட்டப்படி, தரகர் வாடிக்கையாளர் பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல் தனி நம்பகக் கணக்கில் வைத்தல் வேண்டும். அதனால் முதலுக்குக் காவல் உண்டு. வட்டி யாருக்கு என்பதோ உடன்படிக்கையின் விதிகளைப் பொறுத்தது. என்ன வீதம், எந்நாள் முதல், எவ்வளவு தொகைக்கு, தரகர் பிடித்துக்கொள்ளும் பங்கு எவ்வளவு என நான்கையும் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுக. கோயிலில் கூடி வீதத்தை வெளிப்படச் சொன்னவர்கள் காத்த உரிமை இதுவே. கேட்கும் துணிவுடைய தோட்டத்து மக்களுக்கும் அது உரியது.