எலும்பிலிருந்து குடலுக்கு: வைட்டமின் டி ஆய்வின் வரலாற்றுப் போக்கு

முன்னுரை

வைட்டமின் டி நெடுங்காலம் எலும்புக்குரிய சத்தாகவே கருதப்பெற்றது. அது நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் பொருளாக அறியப்பெற்று, குடல் அழற்சி நோய் ஆய்வில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு தனி வழிகள்

காட் மீன் ஈரல் எண்ணெய் ரிக்கெட்ஸ் நோயைத் தடுப்பதை எட்வர்ட் மெல்லன்பி 1919இல் நாய்களைக் கொண்டு காட்டினார். எல்மர் மெக்காலம் அவ்வெண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி, அதிலுள்ள வைட்டமின் ஏ சத்தை அழித்தார். ஆயினும் ரிக்கெட்சைக் குணமாக்கும் ஆற்றல் எஞ்சியது. 1922இல் வெளியான இவ்வாய்வே வைட்டமின் டி தனிப்பொருள் என்பதை நிறுவியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1932இல், நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகியோர் சிறுகுடலின் இறுதிப்பகுதியில் தோன்றும் அழற்சியை விவரித்தனர். அது பின்னர்க் குரோன் நோய் எனப்பட்டது.

வழிகளின் சந்திப்பு

1983இல் மனித வெள்ளையணுக்களில் வைட்டமின் டி ஏற்பி இருப்பது அறியப்பட்டது. எலும்போடு தொடர்பற்ற உயிரணுக்களில் அவ்வேற்பி இருந்தமை புதிய வினாக்களை எழுப்பியது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 இல்லாத எலிகள் வைட்டமின் டி குறைபாட்டால் கடுமையான குடல் அழற்சிக்கு ஆளாவதை மார்கெரிட்டா கான்டோர்னா குழுவினர் 2000இல் காட்டினர்.

காரணமா, விளைவா?

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. அது உறிஞ்சப்படுவதற்குப் பித்த உப்புகள் வேண்டும்; அவ்வுப்புகள் மீள உறிஞ்சப்படும் இடமோ குரோன் நோய் பெரிதும் தாக்கும் சிறுகுடலின் இறுதிப்பகுதி. நோயாளி வெயிலில் நடமாடுவதும் குறைகிறது. எனவே குறைபாடு நோயின் விளைவாகவும் இருக்கலாம். 2012இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 72,719 பெண்களை நோய் தோன்றுமுன்பே பதிவுசெய்து தொடர்ந்தது. வைட்டமின் டி அளவு மிகுந்தோரிடம் குரோன் நோய் குறைந்திருந்தது. ஆயினும் அவ்வளவு இரத்தத்தில் அளக்கப்பட்டதன்று. உணவு, வாழ்முறை முதலியவற்றிலிருந்து கணிக்கப்பட்டது. டென்மார்க்கில் 94 குரோன் நோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், ஓராண்டில் நோய் மீண்டோர் வைட்டமின் டி பெற்றோரில் 13 விழுக்காடு; பெறாதோரில் 29 விழுக்காடு. இவ்வேறுபாடு புள்ளியியல் வரம்பை மயிரிழையில் எட்டவில்லை.

முடிவுரை

ஏற்பியின் கண்டுபிடிப்பும் எலி ஆய்வுகளும் வைட்டமின் டி நோயெதிர்ப்பில் பங்குகொள்வதை உறுதிசெய்தன. அது குடல் அழற்சியைத் தணிக்கும் மருந்தாகும் என்பதை அவை மட்டும் மெய்ப்பிக்கவில்லை. குறைபாட்டை ஈடுசெய்தல் எலும்பைக் காப்பதற்கே இன்றியமையாதது. அதனினும் மிகுதியான உறுதியை நோயாளிக்கு அளிப்பது சான்றின் எல்லையை மீறுவதாகும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் கருத்தாகும்.