புல்லட் பிழைத்தது, தங்கவயல் மூடியது

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில், தமிழர் உழைப்பால் வளர்ந்த இன்னொரு நிறுவனமும் மூடும் நிலையில் இருந்தது: சென்னைத் திருவொற்றியூரின் ராயல் என்ஃபீல்டு. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் இணைந்து தொடங்கிய அதனை, 1994இல் ஐஷர் குழுமம் வாங்கியிருந்தது. 2000இல் மாத விற்பனை சுமார் 2,000 வண்டிகளே. விற்பதா, மூடுவதா என்ற நிலையில் 26 வயதுச் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார்.

அவர் ஜெய்ப்பூர் ஆலையை மூடினார். (மீட்சி வரலாறுகள் இவ்வரியை விரைந்து கடந்துவிடும், சுரங்கம் மூடிய ஊரார்க்கு அது எளிதன்று.) வலக்கால் கியர் இடக்காலுக்கு மாறியது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய், கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அடங்கிய அலுமினிய எஞ்சின் வந்தது. புல்லட் அன்பர்கள் முணுமுணுத்தனர். ஆயினும் 2009இல் வெளிவந்த கிளாசிக், 1950களின் தோற்றத்தையே கொண்டிருந்தது. வாடிக்கையாளரின் நினைவைத் தொடாமல் இயந்திரத்தை மட்டும் மாற்றியதே அவர்களது சாமர்த்தியம் என்பேன். 2014இல் ஆண்டு விற்பனை 3 லட்சத்தைத் தாண்டியது.

தங்கத்தில் புதிய மாடல் கிடையாது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியபின், கல்லில் தங்கம் அருகி, எடுக்கும் செலவு அதன் விலையை மிஞ்சியது. எஞ்சியது பெயர் மட்டுமே. 2018இல் அப்பெயரைத் தாங்கிய திரைப்படம் நாடெங்கும் ஓடியது. தங்கவயல் மக்களோ இன்றும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.